கொடி ஒன்றா, இரண்டா

விருத்தாசலம்
20.5.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நானும் அவரும் என் மாமியாரும் சுகம். நீயும் மாமாவும் உன் மாமியாரும் சுகமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். கேட்டுவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீமுஷ்ணம் சித்தியைப் பார்த்தேன். பஸ் கிளம்பிவிட்டது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "என்னாடி, ஒங்க அக்காவுக்கு அஞ்சு மாசமாமே? ரெட்டப் புள்ளயாமே? ஒரு வார்த்த சொல்லலியே நீ?" என்று கேட்டார். தெரிந்தவள் மாதிரி சிரித்து வைத்தேன். பஸ் திரும்பியதும் அங்கேயே நின்று அழுதேன். சந்தோஷத்தில் பாதி, ஆத்திரத்தில் பாதி.

ஐந்து மாதம் அக்கா! அம்மா போன பிறகு எனக்கு நீ, உனக்கு நான் என்று யார் சொன்னது? நீதான் சொன்னாய். பதினொரு வருஷமாக உனக்காக நான் எத்தனை கோயில் படி ஏறியிருப்பேன்? அந்தச் செய்தியை நான் பஸ் ஜன்னலில் கேட்க வேண்டுமா?

போன் பண்ணித் திட்டலாம்தான். நீ எடுத்ததும் உன் மாமியார், "ஸ்பீக்கர்ல போடு, நானும் கேக்கறேன்" என்பார். நான் கொஞ்சம் குரலை உயர்த்தினால் நீ கட் பண்ணிவிடுவாய். கடிதத்தை அப்படி கட் பண்ண முடியாது, படித்துத்தான் ஆக வேண்டும். உன் மாமியாருக்குப் படிக்கத் தெரியாது என்பதும் வசதி.

என்னிடமும் ஒரு செய்தி இருக்கிறது. உன்னைப் போல ஒளித்து வைக்காமல் சொல்கிறேன். எனக்கு மூன்றரை மாதம். எனக்கும் இரட்டைதான். போன வாரம் ஸ்கேன் எடுத்தோம். "ரெண்டும் நல்லா இருக்குதும்மா" என்று சொல்லித் தாளைக் கொடுத்தார்கள். தாள் முழுக்க இங்கிலீஷ். அவர் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

செராமிக் கம்பெனிக்கு இன்னும் போகிறேன். அச்சில் மண் கூழ் ஊற்றுகிற வேலை வேண்டாம் என்று முதலாளி ஆதிநாராயணன் ஐயா சொல்லிவிட்டார். உட்கார்ந்தபடி அகல் விளக்கின் ஓரத்தைத் தேய்த்துக் கொடுக்கிறேன். என் வீட்டுக்காரருக்குச் சூளையில் வேலை, ஒரே கம்பெனி என்பதால் சேர்ந்தே போய் வருகிறோம்.

ஏன் சொல்லவில்லை என்று எழுது. சாக்கு எழுதாதே.

கோபமாக இருக்கும் தங்கை,
அன்புக்கரசி


ஈரோடு
2.6.2024

என் அன்புக்கு அக்கா எழுதுவது.

நாங்கள் மூவரும் நலம். நீ நன்றாகச் சாப்பிடுகிறாயா? காலையில் வாந்தி நின்றதா? தம்பி கொளஞ்சிநாதனையும் உன் மாமியாரையும் கேட்டதாகச் சொல்.

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். திட்டு, உனக்கு உரிமை இருக்கிறது. பதினொரு வருஷம் கழித்து ஒன்று தங்கியிருக்கிறது என்றால் அதைச் சொல்லவே வாய் வராது அன்பு. சொன்னால் நழுவிவிடும் என்று பயம். மூன்று மாதம் போகட்டும் என்று பார்த்தேன், பிறகு நான்கு, பிறகு ஐந்து. சித்திக்கு என் மாமியார் சொல்லியிருப்பார். கடவுள் கண் திறந்தார். அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

உனக்கும் இரட்டை என்று படித்ததும் அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை. நம் இருவருக்கும் ஒரே வருஷத்தில் நான்கு பிள்ளைகள். அம்மா இருந்திருந்தால் நம் ஊர் கருவேப்பிலங்குறிச்சி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பாள்.

ஸ்கேன் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள். அதில் கொடியைப் பற்றி... சரி, டாக்டருக்குத் தெரியாததா. விடு.

கனம் தூக்காதே. வெயிலில் அலையாதே.

என்றும் உன் அக்கா,
செல்வநாயகி


விருத்தாசலம்
18.6.2024

அக்காவுக்கு,

வாந்தி நின்றுவிட்டது. பசிதான் தாங்கவில்லை. உனக்குக் கால் வீக்கம் இருக்கிறதா? உப்பைக் குறை.

உன் கடிதம் சாக்குதான். இருந்தாலும் பால் பொங்கி வழிந்ததற்காக மன்னித்தேன்.

என் மாமியாரின் ஆர்ப்பாட்டத்தைச் சொல்ல வேண்டும். குழாயடியில் யாரைப் பார்த்தாலும் இதே பேச்சு. "மருந்தா, மாத்திரையா? தானா உண்டானது. இந்த ராஜாம்பா வூட்டு ராசி அப்புடி." நேற்று பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தியைப் பற்றிப் பேச்சு வந்தது. ட்ரீட்மென்டில் இரட்டை உண்டாகி, குறை மாதத்தில் பிறந்து, ஒன்று தங்கவில்லையாம். அதற்கு இவர், "ஊசி போட்டு உண்டானது எத்தினி நாளைக்கு நிக்கும்? கடையில வாங்குன சாமான் மாதிரிதான்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தப்புதான், ஆனால் அவர் கையை விரித்துச் சொன்ன தோரணை அப்படி.

அதோடு விட்டாரா? "ஒங்க அக்காவுக்கும் ஊசிதான இருக்கும்? பதினோரு வருஷம் இல்லாதது இப்ப எங்கேருந்து வரும்?" என்று என் பக்கம் திரும்பினார். நான் விடவில்லை. "எங்க அக்காவுக்கும் தானாத்தான். சாமி குடுத்தது" என்று குழாயடியே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். அப்படித்தானே அக்கா? ஒரு வரி எழுது. இவர் வாயை அடைக்க வேண்டும்.

அடுத்த மாதம் இன்னொரு ஸ்கேன் எடுக்கச் சொல்லி நர்சம்மா எழுதிக் கொடுத்திருக்கிறார். மாமியார் வேண்டாம் என்கிறார். "நல்லா இருக்கற வயித்த எதுக்கு மிஷினு வச்சி மிஷினு வச்சிப் பாக்கறது?" என்கிறார். என் வீட்டுக்காரர் அம்மா பேச்சைத் தாண்டமாட்டார். நீ என்ன சொல்கிறாய்?

அன்பு


ஈரோடு
5.7.2024

அன்புள்ள தங்கைக்கு,

நலம். உன் நலம் தினமும் நினைக்கிறேன். எனக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது, மருந்து எடுத்துக்கொள்கிறேன்.

தானாகத்தான். யார் கேட்டாலும் அப்படியே சொல்.

ஸ்கேன் எடுப்பது நல்லதுதான். வீட்டில் சண்டை வராமல் பார்த்துக்கொள். பெரியவர்கள் சொல்வதையும் தள்ள முடியாது. உனக்கு எது சரி என்று படுகிறதோ அப்படிச் செய்.

செல்வி


விருத்தாசலம்
10.8.2024

அன்புள்ள அக்கா,

நீ சுகமா? சர்க்கரை இறங்கியதா? உனக்கு எட்டாம் மாதம் நெருங்கிவிட்டது. தனியாக மாடிப்படி ஏறாதே.

எனக்குச் சுகம் என்று எழுத முடியவில்லை. பத்து நாளாக வயிறு ஒரே பெருக்காகப் பெருகிவிட்டது. போன வாரம் போட்ட ஜாக்கெட் இந்த வாரம் கொக்கி எட்டவில்லை. வயிற்றின் தோல் மேளம் மாதிரி இழுத்துக்கொண்டு நிற்கிறது. படுத்தால் மூச்சு முட்டுகிறது, சுவரில் சாய்ந்துதான் தூங்குகிறேன். வலப்பக்கம் உதைக்கிறது. இடப்பக்கம் அசைவு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

நர்சம்மா சொன்ன ஸ்கேன் எடுக்கவில்லை. ஆடி போகட்டும் என்றார் மாமியார். இவர், "அம்மா சொல்றாங்கல்ல, ஒரு மாசத்துல என்னா ஆயிடப் போவுது?" என்றார். எனக்கு ஆத்திரம் தாங்காமல் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டேன். அதற்கும், "மாசமா இருக்கறவ இப்புடியா கோவப்படுவா?" என்று பேச்சு.

கம்பெனிக்குப் போவதை நிறுத்திவிட்டேன். மாமியாரிடம் வயிற்றைக் காட்டினால், "ரெட்டன்னா அப்புடித்தான் இருக்கும். ரெண்டும் பையன், எடம் பத்தல" என்கிறார்.

அக்கா, உனக்கு ஆறாம் மாதத்தில் இப்படி இருந்ததா? எனக்குக் கேட்க வேறு ஆள் இல்லை. உடனே எழுது.

அன்பு


ஈரோடு
16.8.2024

அன்புக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் சுகம்.

ஒவ்வொருத்தர் உடம்பு ஒவ்வொரு மாதிரி. நீ வீணாகப் பயப்படாதே. ஆனாலும் இந்த வாரமே ஒரு நல்ல டாக்டரிடம் போய்விடு. பழைய ஸ்கேன் தாளைக் கையில் எடுத்துப் போ. அவர்களாகப் பார்த்துச் சொல்வார்கள்.

இடது பக்கமாகப் படு. தண்ணீர் குடி. என் மனசு உன்னிடம்தான் இருக்கிறது.

அக்கா


புதுச்சேரி
22.9.2024

செல்வநாயகிக்கு,

உனக்கு ஆணும் பெண்ணுமாகப் பிறந்து, மூவரும் நலமாக இருப்பதாக மாமா போனில் சொன்னார். நன்றாக இருங்கள்.

இந்தப் பெரிய ஆஸ்பத்திரி வராந்தாவில் தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே கண்ணாடிப் பெட்டியில் என் மகள் கிடக்கிறாள். பிறந்தபோது தொள்ளாயிரத்து எண்பது கிராம். கையில் கட்டியிருக்கும் பட்டையில் 'அன்புக்கரசி, குழந்தை 2' என்று எழுதியிருக்கிறது. குழந்தை 1 இல்லை. வயிற்றிலேயே போய்விட்டது. அதுவும் பெண்தான். என் மாமியார் சொன்ன இரண்டு பையன்கள் எங்கே போனார்களோ தெரியவில்லை.

உன் கடிதம் ஆகஸ்ட் இருபதாம் தேதி வந்தது. 'இந்த வாரமே போ' என்று எழுதியிருந்தாய். போகலாம் என்றேன். ஆவணி முதல் முகூர்த்தம், சொந்தத்தில் கல்யாணம், முடிந்ததும் போகலாம் என்றார்கள். இருபத்துநாலாம் தேதி விடியற்காலை மூச்சே விட முடியவில்லை. 108-இல் ஏற்றி இங்கே கொண்டுவந்தார்கள். மறுநாள் ஸ்கேனில் ஒன்றுக்குத் துடிப்பு இல்லை என்றார்கள். இருபத்தேழாம் தேதி வலி கண்டு ஆபரேஷன். இதெல்லாம் மாமா உன்னிடம் சொல்லியிருப்பார். நீ நிறை மாதத்தில் வர முடியாமல் அவரை அனுப்பிவைத்தாய். என் குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துப்போய் இவரோடு சேர்ந்து புதைத்துவிட்டு வந்தவர் அவர்தான். அந்த நன்றி எனக்கு உண்டு. அதனால்தான் அடுத்ததை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதுவேன்.

இருபத்தொன்பதாம் தேதி டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். பீரோவில் பூட்டியிருந்த மூன்றாம் மாதத் தாள் அவர் கையில் இருந்தது.

"ரெண்டு கொழந்தைக்கும் ஒரே நஞ்சுக்கொடி. ஒண்ணோட ரத்தம் இன்னொண்ணுக்குப் போயிடுச்சு. ஒண்ணு வத்திப் போச்சு, இன்னொண்ணோட பையில தண்ணி ரொம்பிடுச்சு. இதோ, இந்தத் தாள்லயே எழுதியிருக்கே, ஒரே கொடின்னு. யாருமே சொல்லலியா? ரெண்டு வாரத்துக்கு ஒருவாட்டி ஸ்கேன் பாத்திருக்கணும்."

இவர் கையைக் கட்டிக்கொண்டு, "தானா உண்டானதுதாங்க மேடம். மருந்து எதுவும் எடுக்கல" என்றார்.

"அத யாரு கேட்டா? தானா உண்டாச்சா, ட்ரீட்மென்ட்ல உண்டாச்சாங்கறது இங்க பேச்சே இல்ல. கொடி ஒண்ணா ரெண்டா, அதான் பேச்சு. சொல்லப்போனா ஒரே கொடி தானா உண்டாவறதுலதான் அதிகமா வருது."

அப்போது கதவோரம் நின்றிருந்த மாமா, யாரிடம் சொல்கிறோம் என்றே தெரியாமல், "எங்களுக்கு மொதல் ஸ்கேன்லயே ரெண்டு கொடி, பயமில்லன்னு சொல்லிட்டாங்க. கரு வச்ச டாக்டரே சொன்னாங்க. ஒண்ணா இருந்தா என்னா ஆவும்னு செல்வி கேட்டு, வயிறு திடீர்னு பெருத்தா ஒடனே வரணும்னு எல்லாத்தையும் நோட்டுல எழுதிக்கூட..." என்றவர் அப்படியே நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

நோட்டில் எழுதி வைத்திருந்தாயா, செல்வநாயகி?

வயிறு மேளம் மாதிரி இருக்கிறது என்று நான் எழுதினேனே. அதைப் படிக்கும்போது உன் நோட்டு எங்கே இருந்தது? பக்கத்திலேயே இருந்ததா? 'ஒவ்வொருத்தர் உடம்பு ஒவ்வொரு மாதிரி' என்று எழுத உனக்குக் கை எப்படி வந்தது?

உனக்கு ட்ரீட்மென்ட் என்பதை மறைக்க வேண்டும் என்றால் மறைத்திருக்கலாம். 'எங்கேயோ படித்தேன், கொடி ஒன்றா இரண்டா என்று கேள்' என்று ஒரு பொய் எழுதியிருந்தால் போதும். பொய் எழுதத் தெரியாதவளா நீ? 'தானாகத்தான்' என்று எவ்வளவு சுலபமாக எழுதினாய்!

எனக்குப் பதில் எழுதாதே.

அன்புக்கரசி


ஈரோடு
30.9.2024

அன்பு,

நலமா என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. குழந்தை எவ்வளவு எடை ஏறியிருக்கிறாள் என்று மட்டும் உன் மாமாவிடம் தினமும் கேட்டுக்கொள்கிறேன். எழுதாதே என்றாய். எழுதாமல் இருந்து இருந்துதான் இது நடந்தது. அதனால் எழுதுகிறேன்.

ஆமாம், நோட்டு பக்கத்திலேயே இருந்தது. உன் கடிதம் பதின்மூன்றாம் தேதி வந்தது. படித்ததுமே தெரிந்துவிட்டது. போனை எடுத்தேன். மாமியார் எதிரில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். 'யாருக்கு?' என்றார். 'சும்மா' என்று வைத்துவிட்டேன். இவ்வளவுதான் நடந்தது. மூன்று நாள் உன் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு கிடந்தேன். பிறகு அந்தக் கடிதத்தை எழுதினேன். மாடிக்குப் போய்ப் பேசியிருக்கலாம். தெருவில் நின்று பேசியிருக்கலாம். நீ சொன்ன அந்தப் பொய்யைக்கூட எழுதியிருக்கலாம். எல்லாம் இப்போது தெரிகிறது. அப்போது, உனக்கு இது எப்படித் தெரியும் என்று நீ திருப்பிக் கேட்பாய் என்பது மட்டும்தான் தெரிந்தது.

இனி என் கோபத்தையும் கேள். உன் கோபத்துக்கு ஈடு என்று சொல்லவில்லை. ஆனால் அதுவும் இருக்கிறது.

உன் கல்யாணத்தில் ஆரத்தித் தட்டை நான் கையில் எடுத்தபோது உன் மாமியார் என்ன சொன்னார்? "புள்ள இல்லாதவ எடுக்க வேணாம், தட்ட அந்தப் பொண்ணுகிட்ட குடு" என்றார். தட்டைக் கொடுத்தேன். நீ மாலையும் கழுத்துமாக நின்று குனிந்துகொண்டாய். நிமிர்ந்து, 'எங்க அக்கா எடுக்கட்டும்' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கு நல்லூரிலிருந்து வந்திருந்த உன் மாமாவின் சொந்தம் அத்தனையும் பார்த்தது. வீட்டுக்கு வந்ததும் என் மாமியார் இவருக்கு இரண்டாம் கல்யாணப் பேச்சை எடுத்தார்.

அதன் பிறகுதான் ட்ரீட்மென்டுக்குப் போனோம். மாமியாருக்குத் தெரியாமல். கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுப் போவேன். தொடையில், வயிற்றில் எத்தனை ஊசி என்று எண்ணுவதை நிறுத்திவிட்டேன். இரண்டு தடவை கரு வைத்துத் தங்கவில்லை. அந்த இரண்டு தடவையும் அதே நாளில் சமைத்தேன், துவைத்தேன், யாரிடமும் அழவில்லை. மூன்றாவது தடவை இரண்டு கரு வைத்தார்கள், இரண்டும் தங்கின.

உன்னிடம் சொல்லத்தான் இருந்தேன் அன்பு. ஜூன் நடுவில் இன்னொரு கடிதத்தில் எல்லாவற்றையும் எழுதி உறையில் போட்டிருந்தேன். அப்போது உன் கடிதம் வந்தது. கடையில் வாங்கின சாமான். உனக்குச் சிரிப்பு வந்தது என்று நீயே எழுதியிருந்தாய். நான் எழுதியதைக் கிழித்தேன். அந்தக் கோபம் எனக்குள் இருந்தது. 'தானா உண்டானது' என்று நீயும் உன் மாமியாரும் பீற்றிக்கொள்ளுங்கள் என்று ஒரு மூலையில் நினைத்தேன். ஆகஸ்ட் பதின்மூன்றாம் தேதியும் அந்த நினைப்பு கொஞ்சம் மிச்சம் இருந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, இவரிடம்கூட. உன்னிடம் சொல்கிறேன்.

கிழித்துப் போட்டாலும் போடு. என் இரண்டும் ஆறு நாள் பெட்டியில் இருந்துவிட்டு வந்தன. அவற்றுக்குப் பால் கொடுக்கும்போதெல்லாம் உன் பிள்ளை நினைவு.

செல்வி


ஈரோடு
28.10.2024

அன்பு,

பதில் வராது என்று தெரியும். குழந்தை ஒன்றரைக் கிலோ தாண்டிவிட்டாள் என்று தம்பி சொன்னார். கண்ணுக்குச் சோதனை செய்தார்களா? குறை மாதக் குழந்தைக்குக் கட்டாயம் செய்ய வேண்டும். அவர்களாகச் சொல்லாவிட்டாலும் நீ கேள். காதுக்கும் கேள். தலை ஸ்கேனும் எடுக்கச் சொல். வயிற்றில் ஒன்று போனால் மற்றதன் மூளையைப் பார்க்க வேண்டும் என்று என் டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

இதை மட்டும் சொல்லத்தான் எழுதினேன்.

செல்வி


விருத்தாசலம்
20.11.2024

செல்வி அக்காவுக்கு,

குழந்தையை எட்டாம் தேதி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். இரண்டு கிலோ நூறு. கார்முகில் என்று பெயர் வைத்திருக்கிறேன். உன் பிள்ளைகள் சுகமா?

கண் சோதனை முடிந்தது, பயமில்லை என்றார்கள். தலை ஸ்கேன் நான் கேட்ட பிறகுதான் எழுதிக் கொடுத்தார்கள். ஜனவரியில் எடுக்க வேண்டும். நீ எழுதியதால் கேட்டேன். அதைச் சொல்லாமல் விட்டால் நானும் உன்னைப் போல் ஆகிவிடுவேன்.

ஆரத்தித் தட்டு விஷயம் எனக்கு நினைவே இல்லை. இரண்டு நாள் யோசித்தேன். குனிந்தது நினைவுக்கு வந்தது. உன் கோபம் நியாயம். ஆனால் தட்டுக்குக் குழந்தையா அக்கா விலை?

போன வெள்ளிக்கிழமை மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய்ப் பிராது கட்டினேன். என்ன குறை, யாரால் குறை என்று தாளில் எழுதித் தர வேண்டும். மாமியார் பெயரை எழுதினேன். என் புருஷன் பெயரை எழுதினேன், அந்தச் சாமியின் பெயரையே வைத்துக்கொண்டிருப்பவர் அவர். ஸ்கேன் எடுத்துவிட்டு 'நல்லா இருக்குது' என்று மட்டும் சொன்னவன் பெயர் தெரியாது, அவன் செய்ததை எழுதினேன். கடைசியில் உன் பெயர். ஊர் ஈரோடு. பூசாரி வாங்கி முனியப்பர் எதிரில் கட்டிவிட்டார்.

இப்போது இங்கே நடப்பதைக் கேள். என் மாமியார் ஊர் முழுக்க ஒரு கதை சொல்லிக்கொண்டிருக்கிறார். "மாசமா இருக்கறவ மண்ணுலயும் தூசிலயும் கெடந்தா வேற என்னா ஆவும்? கோவக்காரி, தட்ட ஒதச்சித் தள்ளுவா. வயித்துல இருந்தத அவளே கொன்னுபுட்டா." அதற்கு அத்தாட்சி யார் தெரியுமா? நீதான். "அவ அக்காவப் பாரு. அவளுக்கும் தானா உண்டான ரெட்டதான். எப்புடிப் பொத்திப் பாத்துப் பெத்தெடுத்தா!" குழாயடியில் நான் கத்தினேனே, அதைப் பிடித்துக்கொண்டுதான் என்னை அடிக்கிறார்கள். டாக்டரம்மா சொன்னதைப் பற்றி இவர் வீட்டில் வாயே திறக்கவில்லை. நான் சொன்னால், "தப்ப மறைக்கக் கதை கட்டுறா" என்கிறார்கள்.

எனக்கு உன் அழுகை வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். நீ வா. எங்கள் வீட்டுக் கூடத்தில் நின்று, உனக்கு எப்படி உண்டானது என்று உன் வாயால் சொல். அந்த நோட்டையும் எடுத்து வா. முடியாது என்றால் அதையாவது மறைக்காமல் எழுது.

அன்பு


ஈரோடு
10.12.2024

அன்பு,

மழையில் உங்கள் பக்கம் வெள்ளம் என்று செய்தியில் பார்த்தேன். கார்முகிலுக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

இருபது நாள் ஆனது பயத்தால்தான். இன்று காலை என் மாமியாரிடம் சொல்லிவிட்டேன். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

22-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். பிள்ளைகளோடு.

செல்வி


விருத்தாசலம்
8.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மாமாவும் பிள்ளைகளும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததாக மாமா சொன்னார். பையனுக்கு ரயிலில் வந்த காய்ச்சல் விட்டதா? கார்முகில் மூன்று கிலோவை நெருங்குகிறாள்.

உன் மாமியார் பிள்ளைகளைத் தொடாமல் இருபது நாளுக்கு மேல் இருந்தார் என்றும், புத்தாண்டு அன்று பெண் குழந்தை வீறிட்டபோது தாங்காமல் ஓடி வந்து தூக்கினார் என்றும் மாமா சொன்னார். இரண்டாம் கல்யாணம் பேசியவர், தூக்கட்டும்.

நீ கிளம்பிய பிறகு இங்கே நடந்ததை எழுத வேண்டும். நீ கூடத்தில் நின்று சொன்னபோது, "அப்ப ஊசி போட்டதா?" என்று என் மாமியார் கேட்டார் பார், அந்தக் குரலைக் கேட்டு எனக்கு ரத்தம் கொதித்தது. நீ கொஞ்சம்கூடக் குரல் தாழாமல், "ஆமாங்க, ஊசி போட்டதுதான். ஆனா ரெண்டு கொடி. ஒங்க மருமவளுக்குத் தானா உண்டானது, ஒரே கொடி. இதுல அவ தப்பு என்னாங்க?" என்று கேட்டாய். உன்னை அப்படி நான் பார்த்ததே இல்லை. அதை நான்கு மாதம் முன்னால் பார்த்திருக்கக் கூடாதா என்று அப்போதும் கோபம்தான் வந்தது.

மறுநாள் காலை மாமியார் இவரைக் கூப்பிட்டு, "அந்தத் தாள எடு. எங்கடா எழுதியிருக்குது?" என்று கேட்டார். இவர் பீரோவைத் திறந்து எடுத்து வந்து விரலை வைத்துக் காட்டினார். மாமியார் அந்த எழுத்தின் மேல் கட்டைவிரலால் தடவித் தடவிப் பார்த்தார். "இம்மாஞ்சிண்டு எழுத்தா?" என்றார். இவர் அழுதுவிட்டார். "படிக்கத் தெரிஞ்ச நானே பூட்டி வச்சிட்டேன்மா" என்றார். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் இவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். எனக்குப் பாவமாகவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மாமியார் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் போன வாரம் குழாயடியில் யாரோ பழைய பேச்சை எடுத்ததும், "அவள ஒண்ணும் சொல்லாத. ஸ்கேனுக்குப் போவாதன்னு சொன்னது நானு" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாராம். பக்கத்து வீட்டில் சொன்னார்கள். எனக்கு அது போதாது. ஆனால் அது பொய்யில்லை.

பிராதை நான் வாபஸ் வாங்கவில்லை. அதையும் மறைக்காமல் சொல்கிறேன். உன்னை மன்னித்துவிட்டேனா என்று நீ ரயிலடியில் கேட்டாய். இல்லை. மன்னிக்கும்போது சொல்கிறேன், அதுவரை கேட்காதே.

20-ஆம் தேதி திங்கட்கிழமை புதுச்சேரியில் கார்முகிலுக்குத் தலை ஸ்கேன், காதுச் சோதனை. டாக்டர் பேச ஆரம்பித்தாலே எனக்குக் காது அடைத்துவிடுகிறது. இவர் கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். உனக்குத்தான் கேட்கத் தெரியும். ஒன்று விடாமல் கேட்டு எழுதிக்கொள்ளவும் தெரியும்.

நீ வந்து என் பக்கத்தில் உட்கார். உனக்குத் தோன்றுகிற கேள்வியை எல்லாம் கேள். இந்தத் தடவை எனக்குக் கேட்கிற மாதிரி, சத்தமாகக் கேள்.

உன் தங்கை,
அன்பு